க்ரிஸம் என்று இங்கே யாரும் இல்லை

யாஸூ ஆற்றங்கரை, மிசிசிப்பி
மார்ச், 1880

மகன் ஐசமுக்கு,

கர்த்தர் தயவால் நானும் உன் அம்மா கெசையாவும் மூச்சோடு இருக்கிறோம், கன்சாஸ் குளிரில் நீயும் உன் பெண்டாட்டியும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். சோளம் விதைக்க உழுதாயிற்று, உப்புப் போட்ட பன்றிக்கறி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அம்மா என்னோடு பேசுவதில்லை. காரணத்தை நீ பிறர் வாயால் கேட்கக் கூடாது என்று நானே எழுதுகிறேன்.

நம்மை அடிமைகளாய் விற்று வாங்கியவனின் க்ரிஸம் என்ற பெயரை இன்னும் சுமக்கலாமா என்று நீ எழுதி எழுதிக் குடைந்தாய். மூப்பர் கேலப் வேறு, "என்ன க்ரிஸம், எசமானுக்கு வெந்நீர் வெச்சாச்சா?" என்று சபையில் எல்லார் முன்னாலும் கேட்பான். விடுதலை வந்தபோது அந்தப் பெயரை நான் வைத்துக்கொண்டது எசமான் மேல் பாசத்தாலா? உன் அக்கா விண்ணியை எட்டு வயதில் டெக்சாசுக்கு விற்றார்கள், என்றைக்காவது தேடி வந்தால் க்ரிஸம் என்று சொல்லித்தானே கேட்பாள். இதை உனக்குச் சொன்னேன், நீ கேட்கவில்லை. கேலி பொறுக்காமல் போன கோடையில் நானும் சபை முன் எழுந்து பெயரைக் கிதியோன் என்று மாற்றிக்கொண்டேன்.

போன வாரம் சோளம் அரைக்கும் ஆலை வாசலில் மூட்டையோடு ஒருத்தி வந்து, "ஐயா, இந்தப் பக்கம் க்ரிஸம் ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றாள். கேலப்தான் ஏவிவிட்டிருக்கிறான் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. "அந்தப் பேருல இங்க ஒரு நாய்கூட இல்ல, போம்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, கன்சாஸ் போகிற கூட்டத்தோடு துறைப்பக்கம் நடந்தாள். வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னேன். கழுத்தில் தழும்பு இருந்ததா என்று அம்மா கேட்டாள். இருந்தது. சோப்புக் காய்ச்சும் கொப்பரை தெறித்து விண்ணிக்கு வெந்த இடம் அது. துறைக்கு ஓடினேன், படகின் புகைகூட இல்லை.

கிதியோன் என்ற பெயரை ஞாயிற்றுக்கிழமை சபையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கேலப் சிரித்தால் சிரிக்கட்டும். உன்மேல் கோபம் எனக்குத் தீரவில்லை, ஆனாலும் வாசலில் நின்று பேசியது நான்தான். பெற்ற பெண்ணை முகத்துக்கு நேரே விரட்டிவிட்டு அம்மா வைக்கும் சோற்றைத் தலை குனிந்து தின்கிறேன். உனக்கு அந்தப் பெயர் வேண்டாமென்றால் வேண்டாம். ஆனால் அங்கே கன்சாஸில் படகுகள் வந்து சேரும் துறைக்குப் போ, உங்கள் சபையில் எழுந்து க்ரிஸம் வீட்டுப் பையன் என்று உரக்கச் சொல். நீ கைக்குழந்தையாய் இருந்தபோது போனவள், உன் முகம் அவளுக்குத் தெரியாது. அவளைக் கண்டால் ஆலை வாசலில் விரட்டிய கிழவன் யாரென்று மறைக்காமல் சொல்லிவிடு. அதற்குப் பிறகும் வர மனமிருந்தால் வரட்டும்.

உன் வீட்டில் கர்த்தரின் கை இருக்கட்டும். முதலில் துறைக்குப் போ, பதில் பிறகு எழுதலாம்.

உன் அப்பா
ரான்சம் க்ரிஸம்