செம்பேன் பிடித்த உன் ஊதாச் செடி

கூப்பிட்ட குரலுக்கு "இன்னாடா" என்று திரும்பும் என் அமுதா அக்காவுக்கு,

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள் நீ, திரும்பி வரவேயில்லை. பென்னலூரில் நீ இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தபோது, உன் ஆர்க்கிட் செடிகளையாவது கூட்டிவந்துவிடலாம் என்று தோன்றியது. இப்போது அவை ஒரகடத்தில், என் வீட்டு பால்கனியில் தொங்குகின்றன. என் செல்விக்கு இது நிறைமாதம். அவள் மாசமாக இருப்பது உனக்குத் தெரியாமலே போய்விட்டது, இல்லையா?

இந்தக் கோடையில் உன் ஊதாப்பூச் செடியின் இலைகள் வெளுத்தன. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாயே, அதுதான். லாரிப் புழுதி என்று முதலில் நினைத்தேன். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுக்க மெல்லிய வலை. வெள்ளைக் காகிதத்தின் மேல் தட்டிப் பார்த்தேன். மிளகாய்த்தூள் போல விழுந்த புள்ளிகள் நகர ஆரம்பித்தன. இலைச்சாற்றை உறிஞ்சும் செம்பேன்!

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருக்கும் பூச்சிமருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் புட்டியைக் கையில் எடுத்துவிட்டு நிறுத்தினார்.

"வூட்ல மாசமா இருக்கறவங்க யார்னா கீறாங்களா சார்?"

"என் வொய்ஃப்தான்."

"அப்போ இது வாணாம். சோப்புத் தண்ணியில இலைக்கு அடியில நல்லாத் தொடைங்க. முட்டை பொரிச்சிக்கினே இருக்கும், ஒருதபா செஞ்சிட்டு வுட்றாதீங்க."

துடைத்தேன் அக்கா. வேலைக்குப் போகும் முன்பு, வந்த பிறகு, சாப்பாட்டுக்கு நடுவில்கூட எழுந்துபோய் இலையைத் திருப்பினேன். கம்பெனி லைனில் வேலைக்கு நிற்கும்போதும் அந்த வலைதான் கண்ணில் ஆடியது. "இன்னாய்யா, ஆள் இங்க கீறே, மனசு எங்க?" என்று சூப்பர்வைசர் கத்தினார். என்னவென்று சொல்வது? செடிக்கு உடம்பு சரியில்லை என்றா?

ஆனால் பேன் குறையவில்லை. வெள்ளைப்பூச் செடிக்கும் வந்தது, பக்கத்திலிருந்த மஞ்சளுக்கும் வந்தது. நீ வைத்துவிட்டுப் போனதில் ஒன்றுகூட மிஞ்சாதோ என்று பயந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி இடுப்பைப் பிடித்தபடி பால்கனி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, எப்பவும் ஊதாவத்தான் மொதல்ல தொடைக்கிறீங்களா?"

"ஆமா. அதுக்குத்தானே ரொம்ப மோசம்."

"அதே துணியாலதான் மத்ததையும் தொடைக்கிறீங்களா?"

கையிலிருந்த துணியைப் பார்த்தேன். செடி செடியாகப் பேனைச் சுமந்துபோய் விட்டதே நான்தான்.

ஊதாவில் பச்சையாக ஒரு இலைகூட மிச்சமில்லை. தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று இருவருக்குமே தெரிந்தது. நான் பிளாஸ்டிக் பையை விரித்துவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செல்விதான் செடியை எடுத்துப் பைக்குள் வைத்துக் கட்டினாள்.

"அழாதீங்க. செடியத்தான் போட்றோம். அக்காவ யாரு போட முடியும்?" என்றாள். சொன்னவளும் அழுதாள்.

பிறகு ஒவ்வொரு செடிக்கும் தனித்துணி வைத்துக்கொண்டேன். செடிகளைத் தள்ளித் தள்ளித் தொங்கவிட்டேன். சாயங்கால வெயிலுக்குத் திரை கட்டினேன். மஞ்சள் தேறிவிட்டது. வெள்ளையில் பச்சை நுனியோடு புதுவேர் விட்டிருக்கிறது. காகிதத்தில் தட்டினால் இப்போது தூசிதான் விழுகிறது.

ஆனாலும் என் கை சும்மா இருப்பதில்லை. நல்ல இலையையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எதைத் தேடுகிறேன் அக்கா? நீயும் ஆஸ்பத்திரியில் முதல் நாள் நன்றாகத்தானே பேசினாய்?

செல்வி பிரசவத்துக்காக வடக்குப்பட்டில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். "செடிய வுட்டுட்டு எப்போ வருவீங்க?" என்று நேற்று போனில் கேட்டாள். கோபமில்லை, குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. நீ இருந்திருந்தால் எனக்கு முன்னால் நீ போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய்.

லீவு சொல்லிவிட்டேன். காலையில் செடிகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கிளம்புகிறேன். குழந்தை பிறக்கும்வரை அவள் பக்கத்திலேயே இருப்பேன். இலைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

உன் கூடப்பிறந்தவன்,
சேகர்