கீரைப் பாத்தியில் இனித்த தண்ணீர்

2025 ஜனவரி 28, செவ்வாய்

திருநின்றவூரில் ஒருவழியாகக் கீரை வந்துவிட்டது. மழையில் இரண்டு முறை அழுகிப்போன பாத்திகள். அமல்ராஜ் சின்ன வயதில் மன்னாரிலிருந்து அகதியாக வந்தவன். முகாமில் இருந்துகொண்டு இத்தனை வருடமும் பெயின்ட் அடித்தான். அவன் மனைவி ராஜகுமாரிக்குத்தான் மண்ணின் மேல் ஆசை. எங்கள் டிரஸ்ட் போர்வெல் போட்டுக் கொடுத்தது. நிலம் கோவிந்தராஜுடையது. முள் மண்டிக் கிடந்த இடம், பயிர் வைத்தால் சுத்தமாக இருக்கும் என்று வாய்வார்த்தையாகக் கொடுத்தார். எழுதித் தரச் சொன்னேன். “பேப்பர் இன்னாத்துக்கும்மா, நான் எங்க ஓடிப்பூடப் போறேன்?” என்றார். நானும் விட்டுவிட்டேன்.

இப்போது கீரை இருக்கிறது, வாங்க ஆளில்லை. கோயம்பேட்டுக்கு அனுப்பினால் வேன் வாடகைகூடத் தேறாது. என்ன செய்ய?

பிப்ரவரி 9, ஞாயிறு

எனக்கு நானே ஷொட்டு கொடுத்துக்கொள்கிறேன். திருவேற்காட்டில் எங்கள் அப்பார்ட்மென்ட் ஆட்களை வேன் வைத்துத் திருநின்றவூருக்கு அழைத்துப் போனேன். அவரவர் கீரையை அவரவரே பறித்துக்கொள்ளலாம், காசு ராஜகுமாரியிடம். ஐ.டி. ஆட்கள் குழந்தைகளைவிட அதிகம் கூத்தடித்தார்கள். ராஜகுமாரிதான் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினாள். “பொன்னாங்காணிய பிடுங்காதேங்கோ, நுனிய ஒடியுங்கோ. வேர் இருந்தா திரும்ப வரும்.”

ஒரு கட்டுகூட மிஞ்சவில்லை. வெயிலுக்கு எல்லோருக்கும் போர்வெல் தண்ணீரைச் சொம்பில் பிடித்துக் கொடுத்தேன். லாரித் தண்ணீர் குடித்து நாக்கு செத்தவர்கள் நாங்கள். எதிர் ஃப்ளாட் தீபிகா இரண்டாவது சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தாள், இவ்வளவு இனிப்பாக இருக்கிறதே என்று. அதை வீடியோ எடுத்து க்ரூப்பில் போட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இரண்டு வேன்! ராஜகுமாரி வல்லாரைக்கும் பாத்தி கட்டிவிட்டாள். இனி பெயின்ட் வேலைக்குப் போக மாட்டேன் என்கிறான் அமல்ராஜ். தீபிகா இந்த முறை வீட்டுக்காரரையும் கூட்டி வந்து தண்ணீர் குடிக்க வைத்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் ராஜகுமாரியின் ஃபோன். “அக்கா, ஆரோ வந்து வல்லாரைப் பாத்திக்குள்ள கல்லு நடுகினம்.”

ஓடினேன். கோவிந்தராஜ் அங்கேயேதான் நின்றிருந்தார். மகளுக்குக் கல்யாணம் வருகிறது, நிலத்தை விலை பேசி முடித்தாகிவிட்டது என்றார். இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். அவர் கோபப்படக்கூட இல்லை.

“நீதானம்மா ஆளுங்கள இட்டாந்து தண்ணிய காட்டுன? அத்தப் பாத்துதான் கேட்டாங்கோ. உங்க ஊட்டுக்கு எதுத்த ஊடுதான்.”

தீபிகா.

ராஜகுமாரி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

மார்ச் 12

தீபிகா ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். நான் இல்லாவிட்டால் இந்த இடமே தெரிந்திருக்காதாம், அதற்கு நன்றி சொல்ல. “அவங்களுக்கு வேற இடம் பாத்துக் குடுத்துடுவீங்க இல்ல?” என்றாள். நிஜமாகவே கவலையோடு கேட்டாள். இவளை எப்படித் திட்டுவது? வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஐயோ, நான் என்னத்தப் பண்ணித் தொலைச்சேன் — ஒரு வாய்த் தண்ணி, அதப் போயி ஊருக்கே காட்டணுமா? பெருமை. எல்லாம் பெருமை.

மார்ச் 30, ஞாயிறு

கடைசிப் பறிப்பு. வேன் எதுவும் வைக்கவில்லை. நான் மட்டும் போனேன். ராஜகுமாரி என்னைப் பார்த்ததும் பாத்திக்குள் இறங்கிவிட்டாள். பொன்னாங்கண்ணியை அவளே வேரோடு பிடுங்கிப் போட்டாள். அமல்ராஜ் என் கையில் ஒரு கட்டைத் திணித்து, “நீங்க நல்லதுக்குத்தான் செய்தனீங்கள் அக்கா, எங்களுக்கு விளங்குது” என்றான். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். சமைக்க மனம் வரவில்லை, கீரை வாடிவிட்டது.

மே 14

பூந்தமல்லிப் பக்கம் இன்னொரு இடம். முகாம் ஆட்கள் என்றதும் கேட்டை மூடிவிட்டார்கள். இதோடு எத்தனை இடமோ.

ஜூன் 2

அமல்ராஜ் ஃபோனை எடுப்பதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

தீபிகா விடவில்லை, காம்பவுண்டு எழும்பிவிட்டது, வந்து பார்த்தே ஆக வேண்டும் என்று காரில் ஏற்றிக்கொண்டு போனாள். பாத்தி இருந்த இடத்தில் ஜல்லி கொட்டியிருந்தது. சுவருக்கு ஒருவன் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான், தலையில் துண்டு. திரும்பியபோதுதான் தெரிந்தது, அமல்ராஜ். மேஸ்திரி யாரை அனுப்பியிருக்கிறார் என்று தீபிகாவுக்குத் தெரியாது. அவனை அவள் அடையாளம் கண்டுகொள்ளவும் இல்லை.

அவள் உள்ளே போனதும் பிரஷ்ஷை வைத்துவிட்டு, கை கழுவி, போர்வெல்லில் ஒரு சொம்பு பிடித்துக்கொண்டு வந்தான். ராஜகுமாரி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். பேக்கிங் கம்பெனிக்குப் போகிறாளாம்.

“வெயிலா இருக்கு, குடியுங்கோ அக்கா. இன்னும் இனிப்பாத்தான் இருக்கு.”

குடித்தேன். அவன் சொம்பை வாங்கிக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவருக்குப் போனான்.