கார் நிறைந்த ரயில் கூட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு, கிமிஹோ வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? இங்கே ஹொக்கைடோவில் நான் நலம்.

எங்கள் ஊர் ரயிலை நிறுத்தப்போகிறார்களாம். அதைக் காப்பாற்ற ஞாயிறன்று ஸ்டேஷனில் கூட்டம். “ரயில் நஷ்டத்துல ஓடுதுங்க” என்றார் ரயில்வே அதிகாரி. எனக்குப் பொறுக்கவில்லை.

“ரோட்டுல பனி தள்ளுற வண்டி மட்டும் லாபத்துலயா ஓடுது? அதுக்கு அரசாங்கம் அள்ளிக் கொடுக்குதே!” என்று கத்திவிட்டேன். ஒரே கைதட்டல்.

ஸ்டேஷன் மாஸ்டர் நொகாமி குனிந்து வணங்கினார்.

“மன்னிக்கணும். கூட்டத்துக்கு ரயில்ல யாருமே வரல. வாசல்ல நாப்பது காரு நிக்குது, பனி வண்டி உள்ள வர முடியல. கொஞ்சம் எடுக்குறீங்களா?”

சாவியோடு முதலில் எழுந்தது நான்தான், அம்மா.

பிளம் ஊறுகாய் தீர்ந்துவிட்டது. தபாலில் வேண்டாம். ரயிலை நிறுத்துவதற்குள் நீங்களே அதில் ஏறிக் கொண்டுவாருங்கள். ஸ்டேஷனுக்கு நடந்தே வருகிறேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது,
கிமிஹோ