புறாமலைக்கு இருவர்

திருகோணமலை
பங்குனி 1974

அன்பானவளுக்கு,

சித்திரையில் கடல் அடங்கிவிடும். நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் புறா பார்க்க மறுபடியும் போகலாம் என்றிருக்கிறேன். நீ மூதூரில் அம்மாவோடு இருந்தது போதும். தொலைநோக்கியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

படகோட்டி றஊப்பிடம் பேசினேன். இரண்டு பேர் என்றேன்.

"ரெண்டு பேரெண்டால் ஓலை மறைப்புக்குள்ள ஒராள்தான் இருக்க ஏலும், மாஸ்டர். மற்றாள் புறாவுக்குத் தெரிய வெளிய நடந்து போகவேணும். அதுகளுக்கு எண்ணத் தெரியாதெல்லோ? ஆள் போயிட்டுது எண்டு நினைச்சுத்தான் இறங்கும்."

போன வருடம் நாம் மறைப்புக்குள் இருக்க, அப்படி நடந்து போனவன் உன் தம்பி.

பாறைக்கு அப்பாலிருந்து அவன் கூப்பிட்டபோது, "பகிடி விடுறான். அசையாதேங்கோ, புறா வந்திட்டுது" என்று என் கையைப் பிடித்தாய். மாடப்புறாக்கள் கைக்கெட்டும் தூரத்தில் இறங்கின. அவ்வளவு அழகை நான் அதற்குமுன் கண்டதில்லை. பின்னேரம் மீன்பிடிகாரர்கள் அவனை நீரோட்டத்திலிருந்து எடுத்து வந்தார்கள். உயிர் இருக்கவில்லை.

அவன் எப்போதும் விளையாட்டுக் காட்டும் பகிடிக்காரன்தான். யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இங்கே நம் முற்றத்தில் ஒரு புறா இறங்கினாலும், யார் வெளியே போனது என்று வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கிறேன். நீ அமரும் கதிரையும் வெறுமையாக இருக்கிறது.

றஊப்பிடம் முடிவாகச் சொல்லிவிட்டேன், இந்த முறை இருவரும் உள்ளேயே இருப்போம் என்று.

"அப்ப புறா வராது, மாஸ்டர். பிறகு என்னில குறை சொல்லப்படாது" என்றார்.

வராமலே இருக்கட்டும். நீ வா.

இன்னும்
உன்னவன்