பெரியவரின் பின்சக்கரத்தில் ஒழுகிய எண்ணெய்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். உடம்பை மட்டும் கேட்டால் அது பொய்யும் இல்லை. என் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்தப் புது வீட்டில் குளிர் உள்ளே வராமல் இருக்கிறதா, ஜன்னலுக்குத் திரை தைக்கக் கொடுத்தாயா. இதையெல்லாம் போனில் கேட்டால் ஆகாதா என்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா கண்ணு, சமையலறையில் பேசினால் கூடத்தில் இருப்பவர் காதில் விழும், கூடத்தில் பேசினால் கார் ஷெட்டில் இருப்பவர் காதில் விழும். அதனால்தான் இத்தனை வருடம் கழித்துப் பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இங்கேயே வீடு வாங்கிவிட்டேன், இனிமேல் அங்கே வந்து இருக்கப்போவதில்லை, அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்று நீ சொன்னபோது நான் சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது. போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். எந்த வார்த்தையிலிருந்து தொடங்குவது, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எதுவும் பிடிபடவில்லை. அந்த நேரம் அவர் பெரியவருக்கு அடியில் படுத்திருந்தார். உன்னைவிட வயது மூத்த கார் என்பதால் பெரியவர் என்று பெயர் வைத்தவளே நீதான். நீ திரும்பி வந்துவிடுவேன் என்று போன வருடம் சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து அதுதான் அவருக்கு வேலை. அவள் வேலைக்குப் போக வர பஸ்ஸுக்கு நிற்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே எஞ்சினைப் பிரித்தார், சீட்டுக்குப் புது உறை போட்டார். பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடிப்பக்கத்துத் துருவையெல்லாம் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, கெட்டியான கறுப்பு பெயிண்டைப் பூசினார். ஒரு பூச்சு காய்ந்ததும் அதன் மேல் இன்னொரு பூச்சு, திருப்தி வராமல் அதற்கும் மேல் ஒன்று. காருக்கு அடியில் யாருங்க குனிஞ்சு பார்க்கப் போறாங்க என்றேன். "அவ பார்ப்பா. நடக்கப் பழகும்போதே அடியில புகுந்து உட்கார்ந்தவதானே" என்றார்.

அதற்குப் பிறகுதான் இந்த எண்ணெய் வந்தது. முதலில் வலது பின்சக்கரத்தின் உள்பக்கம் கசிந்தது. அந்த கியர் ஆயிலின் நாற்றம் உனக்கு ஞாபகம் இருக்கும், அவர் தலையணை உறையை எத்தனை முறை துவைத்தாலும் போகவில்லை. நாறினால் நாறட்டும், அந்த எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் இறங்கியதுதான் பயமாகிவிட்டது. ஒரு பக்கம் பிரேக் பிடிக்கிறது, எண்ணெய் பட்ட பக்கம் வழுக்குகிறது. தெருமுனையில் மிதித்ததும் வண்டி இழுத்துக்கொண்டு திரும்பி மருந்துக்கடைப் படியில் போய் நின்றது. நல்லவேளை, படியில் ஆள் யாரும் இல்லை. உன் மாமா வந்து பார்த்துவிட்டு, "என்ன அத்தான், பெரியவருக்கு வயசாயிடுச்சு, அடக்க முடியலபோல. அடியில ஒரு துணியைக் கட்டி விடுங்க" என்று சிரித்தான். அப்பாவும் சிரித்தார். அவன் போன பிறகு சிரிப்பு இல்லை. சக்கரத்தைக் கழற்றி, ஆக்சில் தண்டை உருவி, எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் வளையமான ஆயில் சீலை மாற்றினார். ஒழுகியது. சீல் மட்டமாக இருக்கும் என்று வேறு இடத்தில் வாங்கி வந்து மாற்றினார். அதுவும் ஒழுகியது, கூடவே இடது பக்கமும் ஆரம்பித்தது.

அன்றைக்குத்தான் அவர் ஷெட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "சீல்ல ஒண்ணும் குத்தமில்ல. என் கைதான் நடுங்குது. நேரா அடிச்சு ஏத்த முடியல. லிஃப்ட் கம்பெனியில வேலை பார்த்தப்ப லிஃப்டுக்குக் கயிறு மாட்டின கை, ஊரே இந்தக் கையை நம்பி ஏறி இறங்கிச்சு. இப்ப ஒரு ரப்பர் வளையத்தை உட்கார வைக்க முடியல" என்றார். கை நடுங்கவில்லை. நான் பார்த்தேன், நடுங்கவில்லை. ஆனால் நான் சொன்னால் கேட்கிற ஆளா அவர்.

இதில் என் நிலைமையை யாரிடம் சொல்வேன். முதலில் இது நிற்கட்டும், பிறகு அவளை டிக்கெட் போடச் சொல்லலாம் என்று அவரே சொல்லி வைத்திருந்தார். அப்படியென்றால் ஒழுகுகிற வரைக்கும் நான் வாய் திறக்க வேண்டியதில்லை. காலையில் அவருக்கு முன்னால் எழுந்து போய், காருக்கு அடியில் விரித்த அட்டையைப் பார்ப்பேன். எண்ணெய்க் கறை இருந்தால் அப்பாடா என்று இருக்கும். பின்னாலேயே அவர் வந்து அதே கறையைப் பார்த்துத் தலையில் கை வைப்பார். இப்படி ஒரு பிழைப்பு எனக்கு.

போன வாரம், வண்டியை ஓட்டிய அன்றைக்குத்தான் ஒழுகுகிறது, ஓட்டாமல் நின்றால் இல்லை, அது ஏன் என்று பார்க்க வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே வரை மெதுவாகப் போய்வந்தார். வந்த சூட்டிலேயே ஸ்டாண்டு வைத்து அடியில் போய், ஆக்சில் நடுவில் எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திருகினார். புஸ்ஸென்று ஒரு சத்தம். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த நான் பயந்து, என்னங்க இது குக்கர் மாதிரி என்றேன். அவர் டார்ச்சை வாங்கி ஆக்சிலின் மேல்பக்கம் அடித்துப் பார்த்தார். பிறகு, "அடிப்பாவி, சரியாச் சொன்னே" என்றார். சூட்டில் உள்ளே காற்று உப்புமாம், அது வெளியே போக ஆக்சிலின் மேல்பக்கம் குண்டூசி போகிற அளவுக்கு ஒரு மூச்சுத் துளை உண்டாம். அது அடைத்தால் காற்று வேறு வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளிவிடும். அந்தத் துளையின் மேல்தான் அவர் பெயிண்டைப் பூசியிருக்கிறார், ஒன்றின்மேல் ஒன்றாக. "அழகா இருக்கட்டும்னு நானே அதோட மூச்சை அடைச்சிருக்கேன். கை நல்லாத்தான் இருக்கு, பார்த்தியா, கை நல்லாத்தான் இருக்கு" என்று அடியிலிருந்தே சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது. ஊசியால் பெயிண்டைக் குத்தி எடுத்துக்கொண்டே, "அவளுக்கு இன்னைக்கே போன் போட்டு டிக்கெட் எடுக்கச் சொல்லிடு" என்றார்.

இனிமேல் ஒளிய எனக்கு இடம் இல்லை. சொல்லிவிட்டேன். பக்குவமாகச் சொல்லவில்லை கண்ணு, எனக்கு அது வரவில்லை. அவ வரலீங்க, அங்கேயே வீடு வாங்கிட்டா என்றேன். அவர் கால் இரண்டு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஆட்டிக்கொண்டிருந்த கால் நின்றது. அதட்டுவார் என்று பார்த்தேன், எழுந்து வருவார் என்று பார்த்தேன். பிறகு ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. "அந்தத் துணியை எடு" என்றார். கொடுத்தேன். துளையைச் சுத்தம் செய்தார், மூடியைப் போட்டார். மறுநாள் இரண்டு பக்கமும் புது சீல் ஏற்றி, டிரம்மைக் கழுவி, எண்ணெய் குடித்த பிரேக் ஷூவை மாற்றி, ஒரு நட்டு விடாமல் இறுக்கினார். வண்டியை ஓட்டிப் பார்த்து நிறுத்தி அடியில் புது அட்டை விரித்தார். காலையில் அட்டையில் ஒரு சொட்டு இல்லை. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். அட்டையை மடித்துச் சுவரோரம் வைத்தார், ஷெட்டைப் பூட்டினார். அதன் பிறகு திறக்கவில்லை.

இப்போது கூடத்தில் டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வைத்ததைச் சாப்பிடுகிறார், உப்பு இல்லையென்றாலும் சொல்வதில்லை. மாமா நல்லது செய்வதாக நினைத்து வண்டி வாங்க ஒரு ஆளைக் கூட்டிவந்தான். பின்பக்கம் ஒழுகுமாமே என்று அந்த ஆள் கேட்டதற்கு, "ஒழுகாது. இனிமே ஒழுகாது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். விலையைக்கூட மாமாதான் பேசினான். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான் அந்த ஆள். போனால் போகட்டும், அது இரும்பு. என்னால் இவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. இத்தனை நாளில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "அவ ஏன் என்கிட்ட சொல்லல?" என்று. உனக்கு ஒரு பதில் இருக்கும்.

உன்னை வரச் சொல்லி இதை எழுதவில்லை. உன் வாழ்க்கை அங்கே என்றால் அங்கேதான், அதை அவரும் ஒருநாள் ஒத்துக்கொள்வார், ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். ஆனால் அந்த வார்த்தையை என் வாயிலிருந்து கேட்டது அவருக்குப் போதாது. நீ சொல்ல வேண்டும். என் நம்பருக்கு இல்லை, அவர் நம்பருக்குப் பேசு. இந்தா அம்மாகிட்ட பேசு என்று என்னிடம் தள்ளப் பார்ப்பார், விடாதே. அவர் பேசாமல் இருந்தால் நீயும் கொஞ்சம் பேசாமல் இரு, ஆனால் வைத்துவிடாதே.

வாங்கிய வீட்டில் நீ நிறைவாக இருக்க வேண்டும், உன் கதவைத் தட்டுகிறவர்கள் நல்லவர்களாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசி. இருட்டிய பிறகு தனியாக நடந்து வராதே.

இதுவரை எழுதியபோது அப்பா தண்ணீர் குடிக்க வந்து நின்றார். யாருக்கு என்றார். மறைக்கவில்லை, உனக்கு என்றேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். "பெரியவருக்குச் சரியாயிடுச்சுன்னு எழுது" என்றார். வேறு ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். வேறு என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதை எழுதிவிட்டேன்.

உன்
அம்மா