பதினாறு எழுத்து

மந்தைவெளி
12.8.1994, வெள்ளி இரவு

அன்புள்ள அப்பாவுக்கு ரஞ்சி எழுதுவது. முதலில் ஒரு சத்தியம் செய்யுங்கள், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டக் கூடாது, அம்மாவுக்குக் கூட. சுந்தரராமன் மாமா அம்மாவின் அண்ணா, படித்தால் அம்மா உடனே அவருக்கு போன் போட்டு அழுவாள். வாராவாரம் உங்களுக்கு வரும் கடிதங்களை மாமா படித்துப் பார்த்துத்தான் ஒட்டுகிறார், அதனால்தான் அவற்றில் நான் எப்போதும் சௌக்கியமாக இருக்கிறேன். இதை என் வகுப்புத் தோழி அஃப்சருன்னிசா தபாலில் போடுவாள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, மஸ்கட் வெயிலில் நீங்களும் அம்மாவும் நன்றாக இருக்க தினமும் வேண்டிக்கொள்கிறேன். கோமளம் மாமிக்கு முழங்கால் வலி, மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை, நான்தான் அடிபம்பில் அடித்துக் கொண்டுவருகிறேன். அபிராமபுரத்தில் மாமா போகும் ஆங்கில மன்றத்தில் மாதாமாதம் ஒரு போட்டி உண்டு. சில எழுத்துகளைக் கொடுப்பார்கள், அவை எல்லாம் எந்த வரிசையிலாவது இருக்கும் நீளமான வார்த்தையைக் கண்டுபிடிக்க வேண்டும். மாமா நாலு மாதமாக ஜெயிக்கிறார், பலகையில் அவர் பெயர் நாலு முறை இருக்கிறது. நாலு வார்த்தையும் நான் தேடியவை அப்பா. மாமா தன் அகராதியைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார், நான் அஃப்சருன்னிசா வீட்டில் அட்டை கிழிந்த அகராதியில் தேடுவேன். எழுத்துகளைக் காலண்டர் அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு முதலில் TH மாதிரி ஒட்டிப் பிறந்த எழுத்துகளைச் சேர்ப்பேன், பிறகு OLOGY மாதிரி நீளமான வால் ஏதாவது பொருந்துகிறதா என்று பார்ப்பேன். மாமா ராத்திரி வந்து, "என்னடி, ஏதாவது சிக்கித்தா?" என்பார், நோட்டை எடுத்துக்கொண்டு போவார், அவ்வளவுதான்.

அது கூடப் பரவாயில்லை. போன மாதம் பள்ளிகளுக்கிடையே நடக்கும் சொல் போட்டிக்கு டீச்சர் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சம்மதக் கையெழுத்துப் போடப் பள்ளிக்கு வந்த மாமா எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "இவளா? என் நோட்டைப் பாத்துக் காப்பி அடிக்கறா மேடம், இவளுக்கு ஸ்பெல்லிங்கே வராது" என்றார். டீச்சர் என் பெயரை அடித்துவிட்டு வேறு பெண்ணை அனுப்பினார்கள். அன்றிலிருந்து வகுப்பில் என் பெயர் காப்பி. சில பேர் திருடி என்றே கூப்பிடுகிறார்கள், நான் போனால் பென்சில் பெட்டியை மூடுகிறார்கள். வீட்டுக்கு வந்து அழுதபோது மாமா, "இன்னொரு தரம் அது உன் வார்த்தைன்னு சொன்னே, பரீட்சையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு மஸ்கட்டுக்கே ஏத்திவிட்டுடுவேன்" என்றார். நான் அழுகையை நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கூட அழவில்லை.

இந்த மாதம் மன்றத்தில் கொடுத்த எழுத்துகள் T, H, R, U, D. அட்டைத் துண்டுகளைப் பரப்பியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரியான விடை எனக்குத் தெரியும், தண்டர்ஸ்ட்ரக், இடி விழுந்தது போலத் திகைத்து நிற்பது, பதின்மூன்று எழுத்து. அதை நோட்டில் எழுதவில்லை. நோட்டில் எழுதியது இது, NANTHIRUDANOLOGY, பதினாறு எழுத்து. பொருள், மூக்கடைப்பைப் பற்றிய மருத்துவப் படிப்பு. கன்னிமாரா நூலகத்து மருத்துவ அகராதி என்று எழுதி ஒரு பக்க எண்ணும் போட்டேன். மாமா பார்த்துவிட்டு, "தெரியும் தெரியும், டாக்டர் கூட ஒரு தரம் சொல்லியிருக்கார்" என்றார்! ரேடியோவில் வெள்ளைக்காரன் செய்தி வாசிப்பது போல நேன்த்ரூடனாலஜி, நேன்த்ரூடனாலஜி என்று குளியலறையில் சொல்லிப் பார்க்கிறார். நீங்கள் அப்படிப் படிக்காதீர்கள் அப்பா, வாலை வெட்டிவிட்டு மெதுவாக, தமிழ் மாதிரி படியுங்கள்.

மன்றத்தில் ஒரு வழக்கம், வார்த்தையை மேடையில் மூன்று தடவை உரக்கச் சொல்ல வேண்டும், பிறகு தலைவர் நல்லசிவம் சார் அதை நிறுத்தி நிறுத்திக் கரும்பலகையில் எழுதுவார். அவர் திருநெல்வேலிக்காரர், எதையும் தமிழ் போலத்தான் படிப்பார். ஞாயிற்றுக்கிழமை டீச்சரும் அங்கே வருகிறார்கள், மாமாதான் பெருமையாக அழைத்திருக்கிறார். நான் முன் வரிசையில் உட்காருவேன். எல்லோரும் சிரித்து முடித்ததும் எழுந்து தண்டர்ஸ்ட்ரக் என்று சொல்வேன். அர்த்தம் கேட்டால் மாமா முகத்தைக் காட்டுவேன்.

ஞாயிற்றுக்கு முன்னால் அவருக்குப் புரிந்துவிட்டால் என்னை என்ன செய்வார் என்று தெரியாது. அதற்காக மாற்றி எழுத மாட்டேன். அவர் ஏற்றிவிட்டால் விமான நிலையத்துக்கு வந்துவிடுங்கள், ஏன் வந்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், அம்மாவை மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் என் நமஸ்கா

கதவைத் தட்டுகிறார். மாமாதான். "ரஞ்சி, தூங்கிட்டியா? அந்தப் பதினாறு எழுத்தை நல்லசிவம் எப்படிப் படிப்பார்னு தெரியலை. வெளில வந்து ஒரு தரம் மெதுவாச் சொல்லு, கேக்கறேன்" என்கிறார். அப்பா, தாழ்ப்பாள்