புல்வெளி ஓடையின் அளவு

12 ஜூலை 2025, பாலக்கரை

எங்கள் ஆய்வுத் திட்டத் தலைவர் ரெங்கராஜ் சாரின் அறிக்கை வந்துவிட்டது. நீலகிரி உச்சிப் புல்வெளி ஓடையில் கோடை நீர் குறையவில்லையாம்! ஆறு வருடம் அந்தக் குளிரில் விறைத்து அளந்தவள் நான். உறைபனி குறைந்தது, முட்புதர் மேலே ஏறியது, மழையைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் புல் அழிந்தது. கடைசி இரண்டு கோடையும் ஓடை வற்றியே போனது. அந்த இரண்டு வருடத்தையும் 'கருவிக் கோளாறு' என்று நீக்கிவிட்டார். இதை நம்பித்தான் கீழே குடிநீர்த் திட்டம் போடப் போகிறார்கள்.

போனில் கேட்டேன். "பென்சில்ல எழுதுனதெல்லாம் ஒரு ஆதாரமாம்மா? வேற வேலை பாருங்க."

மழையில் மை கரையும் என்று பென்சிலைக் கையில் கொடுத்ததே இந்த ஆள்தான்.

13 ஜூலை

அவர் தலைகுனிந்து நிற்பதை நான் பார்க்க வேண்டும். எல்லார் முன்னாலும்.

19 ஜூலை

மறு ஆய்வுக் குழுவுக்குப் புகார் அனுப்பினேன். ஆகஸ்ட் 20 விசாரணை. அசல் நோட்டுகளைக் கேட்டிருக்கிறார்கள். மாட்டினாரு!

27 ஜூலை

லேபில் என்னோடு வேலை பார்க்கும் அல்ஃபியா நோட்டுகளை ஸ்கேன் செய்தாள். நடுவில் நிறுத்தினாள். "அக்கா, 2023 ஆகஸ்ட்ல தொடர்ந்து அஞ்சு நாளு ஒரே அளவா இருக்கே? இருபத்திரண்டு, இருபத்திரண்டுன்னு..."

"மழைக்காலம்ல" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த ஐந்து நாளும் நான் மலையிலேயே இல்லை. ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் வந்திருந்தேன். திரும்பிப் போய், வழக்கமான அளவை எழுதி நிரப்பினேன்.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் கூட்டம் தாங்கவில்லை. "ஆத்துல இவ்ளோ தண்ணி போகுது, நீ என்னடி வத்திப்போச்சுங்கறே?" என்றாள் அக்கா.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால்? யாருக்குத் தெரியப்போகுது? — கிழிச்சா அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சனியன். அந்த ஆளு பக்கத்துல என்னையும் கொண்டுபோய் நிறுத்திருச்சே இந்த அஞ்சு நாளு.

20 ஆகஸ்ட்

ஐந்து நாளையும் சிவப்பு மையில் நானே வட்டமிட்டு, 'பொய்' என்று எழுதிக் கொடுத்தேன். ரெங்கராஜ் சிரித்தார். குழுத் தலைவர் சிரிக்கவில்லை. "இத அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் கருவி கெட்டிருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு என்ன பதிவு இருக்கு சார்?"

சிரிப்பு நின்றது. தலை குனிந்தது. கண்கொட்டாமல் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது.

11 செப்டம்பர்

ரெங்கராஜின் அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பொய் எழுதியதற்காக என் வேலையும் போனது.

8 மார்ச் 2026, நீலகிரி

சொந்தச் செலவில் வந்து பத்து நாள் ஆகிறது. காலை ஏழு மணி. ஓடையில் தண்ணீர் இல்லை. அளவு பூஜ்யம். நேரில் பார்த்தது.

படம் எடுத்து, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி, தினமும் போல ரெங்கராஜுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார். இன்றும் பதில் இல்லை. நாளைக்கும் அனுப்புவேன்.